வன்னி அடுக்களை வரலாறு – 11: அடை முட்டை, கடை முட்டை, டெவல் முட்டை

அவித்த முட்டையை நீளவாக்கில் பிளந்து, மஞ்சட்கருவை எடுத்து மசித்து, அதனோடு புளிப்பும் உறைப்பும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, வெள்ளைக்கருவின் குழியில் மீண்டும் நிரப்பி வைக்கும் பண்டம் மேற்குலக வீடுகளில் 'டெவில்ட் எக்ஸ்' என்ற பெயரால் நெடுநாளாக வழங்கி வருகிறது. இலங்கையில் அதே சொல்லிலிருந்து பிறந்த 'டெவல்' வேறொரு பண்டத்தைக் குறிக்கும். இறைச்சியையோ மீனையோ அவித்த முட்டையையோ எண்ணெயில் பொரித்தெடுத்து, வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, செத்தல் மிளகாய்த் தூள், தக்காளி சோஸ் ஆகியவற்றோடு கடும் நெருப்பில் தாச்சியில் பிரட்டுவதே இங்கு டெவல் எனப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் வீட்டு அடுக்களைகளுக்கு இவ்விரண்டுமே மிகப் பிந்தி வந்து சேர்ந்தவை. கோழிக்கும் மிளகாய்க்கும் குறைவில்லாத ஒரு நிலத்தில் இவை ஏன் இத்தனை பிந்தின என்பதை ஆராய்ந்தால், வன்னிக் குடும்பங்களில் முட்டை எதற்காக இருந்தது, யார் அதை உண்டார்கள், எந்தக் காலத்தில் அது வெறும் சுவைக்காக உண்ணத்தக்க பொருளாயிற்று என்ற பெரிய கேள்விகளுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பண்டத்தின் பழமையை முதலில் சுருக்கமாகக் கூறலாம். உரோமரின் சமையற் குறிப்புகளைத் தொகுத்துத் தரும் அப்பீசியஸ் நூலில், அவித்த முட்டைக்கு மிளகு, ஊறவைத்த பைன் விதை, தேன், வினாகிரி, மீன்சாறு ஆகியவை கலந்த குழம்பொன்று சொல்லப்படுகிறது. அங்கே முட்டை பிளக்கப்படவுமில்லை, நிரப்பப்படவுமில்லை. 13ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில், அதாவது முஸ்லிம் ஆட்சியிலிருந்த தென் ஸ்பெயினில், அரபு மொழியில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றிலேயே மஞ்சட்கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு ஆகியவற்றோடு பிசைந்து வெள்ளைக்கருவில் அடைத்து, இரு பாதிகளையும் ஒரு குச்சியால் பொருத்தும் முறை தெளிவாகக் காணப்படுகிறது. உறைப்பூட்டிய உணவைப் 'பேயின்' பெயரால் அழைக்கும் வழக்கு 1786 அளவில் பிரித்தானியாவில் அச்சேறியது. முட்டையின் கருவும் எண்ணெயும் புளிப்பும் சேர்த்து அடித்துத் திரட்டிய மயோனைஸ் என்னும் களியைக் கொண்டு மசித்த மஞ்சட்கருவைப் பிசையும் முறையை, 1896இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெளியான ஃபானி ஃபார்மரின் சமையல் நூல் எழுத்தில் வைத்தது. இன்று உலகம் அறிந்திருக்கும் வடிவம் அதன் வழிவந்ததே. கவனிக்கத்தக்க செய்தி என்னவென்றால், இந்த நூல்கள் யாவும் முட்டை மிகுதியாகக் கிடைக்கும் வீட்டை முன்னிறுத்தி எழுதப்பட்டவை என்பதாகும்.

வன்னியின் நிலை வேறு. இங்குள்ள காடுகளில் இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி, செம்மஞ்சள் உடலும் மஞ்சள் புள்ளி விழுந்த சிவந்த கொண்டையுமாகத் திரிகிறது. இலங்கையின் தேசியப் பறவை அதுவே. ஆயினும் வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை இதுவன்று. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் செங்காட்டுக்கோழியே அவ்விடத்துக்கு உரியது. வன்னிக் குடியிருப்புகளின் முற்றங்களில் மேய்ந்த ஊர்க்கோழி, நெல்லும் மாடும் போலவே மனிதரோடு வந்து குடியேறிய உயிராகும். குளத்தையும் வயலையும் காட்டையும் ஒட்டி அமைந்த சிற்றூர்களில், கோழிக்குத் தனித் தீவனம் இட்டு வளர்க்கும் வழக்கம் இருக்கவில்லை. சிந்திய நெல், உமி, கறையான், புழு, அடுக்களைக் கழிவு ஆகியவற்றை உண்டு வளர்ந்த அவை, இரவில் முருங்கையிலோ மாமரத்திலோ அடைந்தன. கீரி, மரநாய், நரி, பருந்து, பாம்பு எனக் காட்டின் ஓரத்தில் வாழும் கோழிக்குப் பகை ஏராளம்.

இந்த ஊர்க்கோழியின் இயல்பை அறிந்தால்தான் முட்டையின் பொருளியல் விளங்கும். ஊர்க்கோழி ஒரு பருவத்தில் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டுவிட்டு, இடுவதை நிறுத்தி அடைக்குக் கிடக்கத் தொடங்கும். அடைக்கு வைத்தல் என்பது, வைக்கோல் பரப்பிய கடகத்தில், அதாவது பனையோலையால் இழைத்த பெட்டியில், முட்டைகளை வைத்துத் தாய்க்கோழியை அவற்றின் மீது இருத்துவதாகும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளோடு தாய் திரியும் மாதங்களில் அது மீண்டும் முட்டை இடுவதில்லை. ஆகவே ஆண்டு முழுவதும் பார்த்தால் ஒரு கோழியிடம் கிடைப்பவை சில பத்து முட்டைகளே; முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இன்றைய பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 வரை இடுவதோடு ஒப்பிட்டால் இதன் சிறுமை புலப்படும். ஊர்க்கோழி முட்டை ஏறத்தாழ 40 கிராம் நிறையே உள்ளது, பண்ணை முட்டையோ 55 முதல் 60 கிராம் வரை இருக்கும். ஆறு பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு ஒரு முட்டையாகப் பிளந்து நிரப்பி உண்ண நினைத்தால், ஒரு கோழியின் ஓர் அடையில் பாதியை அது தின்றுவிடும். அதாவது பொரிக்கவிருந்த ஐந்தாறு குஞ்சுகளையும், அவற்றிலிருந்து வளரவிருந்த கோழிகளையும் ஒரே வேளையில் முடித்துவிடும். எந்தத் தாய் இதற்கு இணங்குவாள்?

அடைக்கு வைத்தது போக எஞ்சிய முட்டைக்கும் வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. ஊர்க்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி ஆகியவற்றை அதற்கு ஈடாகப் பெறலாம். நெல் விற்ற பணம் பெரும்பாலும் ஆணின் கைக்கே போய்ச் சேரும் ஒரு சமூகத்தில், முட்டை விற்ற காசு பெண்ணின் கையில் தங்கியது. அதற்குக் கணக்குக் கேட்பார் குறைவு. வன்னிப் பெண்களின் சிறுசேமிப்பு வரலாற்றை எழுத முனைவோர் கூட்டுறவுச் சங்கப் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன் கடகத்துக்குள் கிடந்த முட்டைகளைக் கணக்கிட வேண்டும் என்பது இத்தொடரின் துணிபு.

மூன்றாவது வழி மருந்து. பெண் பிள்ளை பெரியவளானால், வட மாகாணத் தமிழ்க் குடும்பங்களில் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுப்பதும், உழுத்தங்களி கிண்டிக் கொடுப்பதும் தவறாத வழக்கங்கள். இடுப்பெலும்பு உரம் பெறும் என்ற நம்பிக்கை அதன் பின்னே நிற்கிறது. பிள்ளை பெற்றவளுக்கும் நோயிலிருந்து எழுந்தவருக்கும் முட்டைக் கோப்பி கொடுக்கப்பட்டது. முட்டையைச் சீனியோடு நுரை பொங்க அடித்து, கொதிக்கும் கோப்பியை மெல்ல வார்த்துத் தொடர்ந்து அடிப்பதே முட்டைக் கோப்பி. வார்க்கும் வேகம் கூடினால் முட்டை திரைந்து துணுக்குத் துணுக்காகப் பிரிந்துவிடும். இவை யாவற்றிலும் முட்டை ஒருவருக்கென்று, ஒரு காரணத்துக்காகக் கொடுக்கப்படுவது. எல்லோரும் சேர்ந்து சுவைப்பதற்கு அங்கே இடமில்லை. அதோடு வன்னியில் முட்டை 'மச்சம்', அதாவது மீனும் இறைச்சியும் சேர்ந்த புலால் வகையைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் விரத நாள்களிலும், வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் நெருங்கும் நாள்களிலும் மச்சச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. முட்டை சமைக்கப்பட்டபோது அது பெரும்பாலும் குழம்பாகவே சமைக்கப்பட்டது. ஒரு முட்டையை இரண்டாக வெட்டித் தேங்காய்ப்பால் குழம்பில் இட்டால், இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாதி வரும், குழம்போ வீட்டார் அனைவருக்கும் போதும்.

பிரித்தானிய ஆட்சியில் உறைப்பூட்டிய ஆங்கில உணவுகள் வன்னிக்குள் புகுந்த வழி பெருந்தெருவும் தங்குமனையுமாகும். வன்னிச் சிற்றரசன் பண்டார வன்னியன் 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்ட பின், இந்நிலம் ஆங்கிலேய அதிகாரிகளால் மெல்ல அளக்கப்பட்டு நிர்வாக அலகுகளாக்கப்பட்டது. அதன் விரிவான பதிவாக ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு 1895இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துக்கும் தெற்குக்கும் இடையே பயணம் செய்த அதிகாரிகள் தங்குவதற்கெனத் தெருவோரங்களில் 'ரெஸ்ட் ஹவுஸ்' எனப்பட்ட அரச தங்குமனைகள் இருந்தன. 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பணியேற்கச் சென்ற ஆங்கிலேய அதிகாரி லெனாட் வூல்ஃப், அநுராதபுரம் வரை புகையிரதத்திலும், பாதை இன்னும் முடிவுறாதிருந்த வன்னிக் காட்டுப்பகுதியை மாட்டுவண்டித் தபால் வண்டியிலும் கடந்தே ஆனையிறவை அடைந்தார். அவ்வாண்டிலேயே வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது.

இத்தகைய இடைத்தங்கல்களில் முன்னறிவித்தலின்றி வரும் விருந்தாளிக்கு உடனே ஆக்கிக் கொடுக்கக்கூடியவை முட்டையும் முற்றத்துக் கோழியுமே. இந்தியாவின் பயணியர் மாளிகைகளில் அவ்வாறு பிடித்து அறுத்துப் பரிமாறப்பட்ட கோழிக்கு ஆங்கிலேயர் 'திடீர்ச் சாவு' என்று பெயரிட்டிருந்ததை 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் அகராதி பதிவு செய்துள்ளது. துரைமாரின் மேசைக்கு மிளகும் கடுகும் வினாகிரியும் சேர்த்து 'டெவில்' செய்யப்பட்ட உணவு, உள்ளூர்ச் சமையற்காரர்களின் கைப்பட்டுச் செத்தல் மிளகாயை ஏற்றது. பின்னர் நகரங்களின் சீனச் சமையல் முறையும் கலந்து, இன்றைய இலங்கை டெவலாக உருப்பெற்றது. 1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல், ஆங்கில, பறங்கியர், உள்நாட்டு முறைகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவந்து கொழும்பின் நடுத்தர வீடுகளுக்குக் கொடுத்தது. ஆங்கிலம் வாசிக்கும், பனிப்பெட்டியும் சமையற்காரனும் உடைய அந்த வீடுகளுக்கும் குளக்கரையில் மண் அடுப்பு மூட்டிய வன்னி வீடுகளுக்கும் இடையிலிருந்த தொலைவு, கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலான தொலைவைவிடப் பன்மடங்கு பெரிது.

உறைப்பின் பக்கத்தில் மட்டும் வன்னி எவருக்கும் பின்னிற்கவில்லை. 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் படித்த இளைஞர்களுக்கென அமைக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் பணப்பயிர்களாயின. 1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இவற்றின் இறக்குமதியை இறுக்கியபோது செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. கல் வீடுகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் அந்த வருமானத்தில் எழுந்தன. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த விலையை வீழ்த்தியது. மிளகாய் கொழித்த அவ்வாண்டுகளில்கூட முட்டை விருந்துப் பண்டமாக மாறவில்லை. கூட்டில் அடைத்துத் தீவனமிட்டு வளர்க்கும் வெள்ளைக் கோழி சில வீடுகளில் தோன்றியபோதும், 1920களின் பிற்பகுதியில் இந்தியாவின் இராணிக்கெட் பகுதியில் இனங்காணப்பட்டு அப்பெயரே பெற்ற கொள்ளை நோய், தடுப்பூசி எட்டாத ஊர்களில் ஒரே வாரத்தில் கூட்டையே வெறுமையாக்கக் கூடியதாயிருந்தது.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டதும் நிலை முற்றிலும் மாறியது. வன்னியூடாக யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பெருந்தெரு பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது; பெற்றோல், டீசல், யூரியா, மின்கலம், சீமெந்து முதலிய பொருள்கள் தடைப்பட்டியலில் சேர்ந்தன; தேசிய மின்வலையின் இணைப்பு அற்றுப்போனது. மண்ணெண்ணெயின் விலை பன்மடங்காக உயர, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் ஒரு திரியும் இட்டு எரித்த விளக்கே இரவின் வெளிச்சமாயிற்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த மக்களில் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டுக்குள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, இருந்த முட்டைக்கு உண்போர் பெருகினர். இக்காலத்தில் மயோனைஸ் போன்ற பண்டத்தை வன்னி வீடொன்றில் எண்ணிப் பார்ப்பதற்கே இடமில்லை. பச்சை முட்டைக் கருவைக் கொண்டு செய்யும் அக்களியைக் குளிரூட்டியின்றி வைத்திருப்பது நச்சுக்கு வழிவிடும், குளிரூட்டிக்கோ மின்சாரம் இல்லை. எஞ்சிய ஊர்க்கோழி முட்டை கூடுதல் மதிப்புப் பெற்றது. போசாக்குக் குறைந்த குழந்தைக்கும் காயப்பட்டவருக்கும் அதைத் தேடி ஊர் ஊராக அலைந்தனர்.

2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து, ஏப்ரலில் ஏ9 திறந்தபோது தெற்கின் பொருள்கள் கிளிநொச்சிக் கடைகளில் நிறைந்தன. சோஸ் போத்தலும் தட்டுத் தட்டாக அடுக்கிய பண்ணை முட்டையும் அவற்றோடு வந்தன. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் கொத்து ரொட்டித் தகட்டின் ஓசையும் டெவலின் மணமும் எழுந்தன. வன்னியின் இளைய தலைமுறை டெவலை முதலிற் சுவைத்தது வீட்டிலன்று, கடையில்தான். இந்த இடைவெளி நான்கு ஆண்டுகளே நீடித்தது. 2006 ஓகஸ்டில் போர் மீண்டும் மூள, யாழ்ப்பாணப் பக்கத்து முகமாலைப் பாதை மூடப்பட்டு, தெற்கிலிருந்து ஓமந்தை வழியான வரத்தும் சுருங்கியது. 2008இன் இறுதியிலிருந்து அரச படைகள் முன்னேற, மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என இடம் மாறி மாறி ஒடுங்கியபோது, கால்களைக் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டுச் சில நாள் கொண்டுசென்ற கோழிகளும் வழியிலேயே முடிந்தன. போர் முடிந்த 2009 மே மாதத்தில் எஞ்சியிருந்த உணவு அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே. இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் அதுவே நினைவு உணவாகக் காய்ச்சி வழங்கப்படுகிறது. போரிலிருந்து தப்பி வந்தவர்களில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தனர். கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டெம்பரிலேயே அங்கிருந்து வெளியேறின.

மீள்குடியேறியவர்களுக்குத் தகரத்தோடும் மண்வெட்டியோடும் வாழ்வாதார உதவியாகக் கொடுக்கப்பட்டவற்றுள் கோழிக்குஞ்சும் கூடும் முக்கியமானவை. கணவனை இழந்த, அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் மலிந்த நிலத்தில், முற்றத்தை விட்டு அகலாமல் செய்யத்தக்க தொழில் என்பதால் உதவி நிறுவனங்கள் இதையே விரும்பித் தேர்ந்தன. பழைய கடகத்துக் காசு இவ்வாறு திட்ட அறிக்கைகளின் மொழிக்குள் புகுந்தது. ஆனால் தீவன விலையைக் கணக்கில் எடுக்காமல் கொடுக்கப்பட்ட கோழிகள் பல வீடுகளில் நெடுநாள் நிற்கவில்லை. மேயவிட்ட ஊர்க்கோழிக்குக் காசு செலவில்லை. கூட்டுக் கோழிக்கோ ஒவ்வொரு நாளும் மூட்டைத் தீவனம் வேண்டும். அந்த வேறுபாட்டை வன்னிப் பெண்கள் முன்பே அறிந்திருந்தனர், அவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தீவனமும் மருந்தும் எட்டாத விலைக்கு ஏறியபோது இதன் விளைவை நாடு முழுவதும் உணர்ந்தது; அவ்வாண்டு ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாயும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாயும் உச்ச விலையாக அரசு அறிவித்தது, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முதற்கட்டமாக 20 இலட்சம் முட்டைகள் கப்பலில் இறக்கப்பட்டன.

இன்று மின்சாரமும் குளிரூட்டியும் பரவலாகி, பிறந்தநாள் மேசையும் கைப்பேசிச் சமையற் காட்சிகளும் வீடுகளுக்குள் வந்துவிட்ட நிலையில், நிரப்பிய முட்டையை வன்னி அடுக்களையிலேயே ஆக்குவதற்குத் தடையொன்றுமில்லை. கடை மயோனைஸ் கட்டாயமுமன்று. ஆறு நாள்களேனும் ஆன முட்டையே இதற்கு ஏற்றது. புதிதாய் இட்ட முட்டையின் வெள்ளைக்கரு ஓட்டின் உட்சவ்வோடு இறுகப் பற்றியிருக்கும். நாள் செல்லச் செல்ல ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமிலவாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் ஓடு எளிதில் கழலும். கொதிக்கும் நீரில் 10 முதல் 12 நிமிடம் அவித்து உடனே கிணற்றுத் தண்ணீரில் இட வேண்டும். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடி மஞ்சட்கருவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் தோன்றும். தீங்கில்லை, பார்வைக்கு ஆகாது.

கத்தியில் மஞ்சட்கரு ஒட்டுமாதலால் நூலை இறுக்கிப் பிடித்து முட்டையைப் பிளப்பது நன்று. எடுத்த மஞ்சட்கருவை அகப்பைக் காம்பால் கட்டியின்றி மசித்து, பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இடித்த மாசித் தூள், மிளகு, உப்பு, சில துளி தேசிப்புளி ஆகியவற்றைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் பிழிந்த தேங்காயின் முதற்பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிசைய வேண்டும். முதற்பாலும் மயோனைஸைப் போலவே கொழுப்பு நீரில் நுண்துளியாய்ப் பரவி நிற்கும் கலவையாதலால், அது மஞ்சட்கருவை அதே வகையில் இளக்கிக் கட்டும். நிரப்பிய பின் மேலே தூவ வேண்டியது வறுத்திடித்த செத்தல் மிளகாய். நல்லெண்ணெய் விரும்புவோர் ஒரு துளி சேர்க்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் முதற்பால் விரைவிற் புளிக்குமாகையால், செய்த இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்டு முடிப்பதே முறை. டெவலாக ஆக்க விரும்புவோர் அவித்த முட்டையில் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பூசி, தோல் வெடித்துத் தெறிக்காதிருக்க ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி எண்ணெயில் பொன்னிறமாக்கிக்கொண்டு, பெரிதாய் அரிந்த வெங்காயமும் கறிமிளகாயும் வதங்கும் முன்னரே சோஸோடு பிரட்டி இறக்க வேண்டும்.

இரண்டுக்கும் வன்னி வீடுகள் பயன்படுத்துவது தட்டில் வாங்கிய பண்ணை முட்டையையே. ஊர்க்கோழி முட்டை பண்ணை முட்டையைவிடக் கூடிய விலைக்கே இன்னும் விற்கப்படுகிறது. அதை வாங்குவோரிற் பலர் பெரியவளான பிள்ளைக்கும் பேறு பார்த்த மகளுக்குமாக வாங்குகின்றனர், மிஞ்சுவது அடைக்குப் போகிறது.